தேநீரின் சுவை அறிந்து பருகுவோம்



பொழுது விடியுமுன் நம் தோட்ட வீடுகளில் முதலில் எரிவது அடுப்பு. முதலில் கொதிப்பது தேத்தண்ணி. பால் வெட்டப் போகிறவரானாலும், செம்பனைக் குலை வெட்டப் போகிறவரானாலும், ஒரு மங்கு தேத்தண்ணி உள்ளே போன பிறகே பெரட்டுக்குக் கிளம்புவார். பகலில் ஒன்று, மாலையில் ஒன்று, விருந்தாளி வந்தால் இன்னொன்று என்று ஒரு நாளைக்கு நான்கைந்து முறை இதைப் பருகுகிறோம்.

இவ்வளவு பழகிய பானத்தின் சுவை என்ன என்று, நம் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை ஒரு நாள் கேட்டோம். “இனிப்பு, சார்” என்றான் ஒரு பையன். “பால் ருசி, சார்” என்றாள் ஒரு சிறுமி. தேயிலையின் சுவையை ஒருவரும் சொல்லவில்லை. அது அவர்கள் குற்றமன்று. மூன்று கரண்டிச் சீனியும் டின் பாலும் சேர்ந்த பிறகு, தேயிலை நிறத்தை மட்டும் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். கேமரன் மலையில் நம் உறவினரான ஒரு மூதாட்டி இருக்கிறார். முப்பது ஆண்டுகள் கொழுந்து கிள்ளியவர். பள்ளி விடுமுறையில் அவரைக் காணச் சென்றபோது அவர் சொன்னார்: “தம்பி, என் கை படாத சரிவு இந்தப் பக்கத்துல இல்ல. ஆனா அந்தக் கொழுந்துத் தேத்தண்ணி எப்படி இருக்கும்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. நாங்க குடிச்சதெல்லாம் தூளுதான்.”

இச்சொற்கள் நம் மனத்தை வெகுநாள் உறுத்தின. உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுத்த கைகளில் தமிழர் கைகளும் உண்டு. இலங்கை மலைநாட்டிலும், நீலகிரியிலும், வால்பாறையிலும், 1929இல் போ தோட்டம் தொடங்கப்பட்ட நம் கேமரன் மலையிலும் கூடை சுமந்தவர்கள் நம்மவர்கள். இன்று கேமரன் மலையில் வெளிநாட்டுத் தொழிலாளர் பலர் அவ்வேலையைச் செய்கின்றனர். பல சரிவுகளில் இருவர் பிடித்துச் செல்லும் வெட்டும் இயந்திரமும் வந்துவிட்டது. ஆயினும், நம் முன்னோர் உழைப்பின் சுவை என்ன என்பதை நாம் அறியாமல் இருக்கலாமா? ஆகவே, தேயிலையின் வகைகளையும், அவற்றைச் சுவைத்து அறியும் முறையையும் இன்றைய உரையில் காண்போம்.

முதலில் ஓர் உண்மை. கறுப்புத் தேயிலை, பச்சைத் தேயிலை, சீனர் கடைகளில் கிடைக்கும் ஊலோங் ஆகிய எல்லாம் ஒரே செடியிலிருந்து வருபவை. அதன் அறிவியல் பெயர் கமெலியா சினென்சிஸ். சிறிய இலையுடைய சீன வகை, பெரிய இலையுடைய அசாம் வகை என இதில் இரண்டு உண்டு. வேறுபாடு பெரும்பாலும் பறித்த பிறகு செய்யும் பக்குவத்தில் இருக்கிறது.

கத்தரிக்காயை நறுக்கித் தட்டில் வைத்தால் சிறிது நேரத்தில் அது கறுத்துப்போவதைத் தாய்மார்கள் அறிவார்கள். வெட்டுப்பட்ட இடத்தில் காயின் சாறு காற்றோடு சேர்ந்து மாற்றமடைவதே அதற்குக் காரணம். தேயிலையிலும் இதுவே நடக்கிறது. பறித்த கொழுந்தை முதலில் பல மணி நேரம் பரப்பி வாட்டுகிறார்கள். பிறகு உருளைகளில் இட்டுக் கசக்குகிறார்கள். கசங்கிய இலையின் சாறு காற்றுப் பட்டுச் செம்புநிறமாகிறது. அப்பொழுதுதான் கறுப்புத் தேயிலைக்குரிய மணமும் நிறமும் பிறக்கின்றன. இறுதியில் சூடான காற்றில் உலர்த்தி அம்மாற்றத்தை நிறுத்திவிடுகிறார்கள். 4 முதல் 5 கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஏறத்தாழ 1 கிலோ தேயிலை கிடைக்கும்.

பச்சைத் தேயிலைக்கு வழி வேறு. இலை நிறம் மாறுவதற்கு முன்பே அதைச் சூடாக்கிவிடுகிறார்கள். சீனர்கள் பெரும்பாலும் வாணலியில் வறுக்கிறார்கள். ஜப்பானியர் நீராவியில் அவிக்கிறார்கள். மாற்றம் தொடக்கத்திலேயே நின்றுவிடுவதால் பசுமை தங்குகிறது. பாதி வழியில் நிறுத்தினால் அது ஊலோங். இவ்வளவே வேறுபாடு.

அடுத்து, தூள் என்றால் என்ன? ஆலையில் உலர்ந்த தேயிலையைச் சல்லடைகளில் சலித்துப் பிரிக்கிறார்கள். பெரிய இலை, உடைந்த இலை, குருணை, தூள் என்று அது தரம் பிரிகிறது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டி மணிமணியாக ஆக்கும் இயந்திரமுறை 1930களில் அசாமில் உருவானது. அதிலிருந்தும் தூள் நிறையக் கிடைக்கிறது. தூள் என்றால் குப்பை என்று எண்ணிவிடக் கூடாது. துகள் சிறியதானால் சாறு விரைவாக இறங்கும். நிறமும் கடுப்பும் அதிகமாக வரும். பால் ஊற்றி இழுத்து ஆற்றும் தே தாரிக்குக்குத் தூளே ஏற்றது. ஆனால் முழு இலையில் மெதுவாக இறங்கும் மென்மையான மணம் தூளில் நிற்பதில்லை. இரண்டுக்கும் வேலை வேறு என்று கொள்ள வேண்டும்.

கடைகளில் சில பொட்டலங்களின்மேல் ஆரஞ்சு பெக்கோ என்று எழுதியிருப்பதைக் காணலாம். அதில் ஆரஞ்சுப் பழம் ஏதும் இல்லை. அது இலையின் அளவையும் தோற்றத்தையும் குறிக்கும் தரப்பெயர். பெக்கோ என்பது, கொழுந்தின் நுனியில் உள்ள வெண்மையான மென்மயிரைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து வந்தது.

சரி, சுவைத்துப் பார்ப்பது எப்படி? தேயிலைச் சுவைஞர்கள் என்று ஒரு தொழிலினரே உண்டு. 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் இலை. கொதிநீர் ஊற்றி 6 நிமிடம் மூடி வைத்தல். இது அவர்கள் கைக்கொள்ளும் ஓர் அளவு. பல தேயிலைகளை ஒரே அளவில் ஒப்பிடுவதற்காகச் செய்யப்படும் கடுஞ்சோதனை அது. வீட்டில் அவ்வளவு கடுப்பு வேண்டியதில்லை. ஒரு குவளைக்கு ஒரு சிறு கரண்டி இலை போதும். கறுப்புத் தேயிலைக்குத் தளதளவென்று கொதித்த நீர். 3 முதல் 5 நிமிடம். பச்சைத் தேயிலைக்குக் கொதிநீர் ஆகாது. கொதித்த நீரை இறக்கிச் சில நிமிடம் ஆறவிட்டு, 80 பாகை அளவில் ஊற்றி 2 நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். இல்லையேல் கசந்துபோகும். தேயிலையை அடுப்பிலேயே வைத்து நெடுநேரம் கொதிக்கவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதனால் கடுப்பு ஏறும். மணம் ஆவியோடு போய்விடும்.

வடித்த பின், முதலில் ஈர இலையை முகர்ந்து பாருங்கள். அடுத்து, நிறத்தைப் பாருங்கள். பிறகு ஒரு கரண்டி எடுத்து, ஓசை எழும்படி உறிஞ்சுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். காற்றோடு சேர்த்து உறிஞ்சினால்தான் மணம் மூக்கின் உட்புறம் ஏறும். நாக்கின் இருபுறமும் ஈறும் இறுகுவதுபோல் தோன்றுகிறதா? அதுவே துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாக நம் முன்னோர் வகுத்த சுவை அது. இளம் வாழைப்பூவிலும் கொட்டைப்பாக்கிலும் நாம் அறிந்தது. நல்ல தேநீரில் துவர்ப்பு இருக்கும். ஆனால் உடனே தெளிந்து, வாய் புத்துணர்வு பெறும். வெறுங்கசப்பு மட்டும் நின்றால், இலையோ பக்குவமோ சரியில்லை என்று அறியலாம்.

இனி மணமூட்டிய தேயிலைகளைக் காண்போம். மல்லிகைத் தேயிலை சீனர்களின் பழைய கண்டுபிடிப்பு. பகலில் பறித்த மல்லிகை மொட்டுகளைப் பச்சைத் தேயிலையோடு கலந்து வைப்பார்கள். இரவில் மொட்டு விரியும்போது அதன் மணத்தை இலை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் பூவை நீக்கிவிட்டு, புதிய மொட்டுகளை மீண்டும் கலப்பார்கள். உயர்ந்த வகைக்குப் பலமுறை இவ்வாறு செய்வதுண்டு. பூச்சூடும் பெண்களுக்கு இத்தேநீர் அந்நியமாகத் தோன்றாது.

சீனாவின் பூஜியன் மாநிலத்தில் பைன் மரக்கட்டையின் புகையில் உலர்த்தும் தேயிலை ஒன்று உண்டு. லாப்சாங் சூச்சோங் என்பது அதன் பெயர். ரப்பர் தட்டுகளைப் புகைபோட்ட கொட்டகையில் வேலை செய்த பெரியவர்கள், அந்தக் குவளையை முகர்ந்தால் பழைய நாட்களை நினைத்துக்கொள்வார்கள். எர்ல் கிரே என்னும் தேயிலையில், பெர்கமோட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோல் எண்ணெய் சேர்கிறது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் விரும்பிப் பருகியது லியூ பாவ் என்னும் தேயிலை. குவாங்சி வட்டாரத்தில் விளைந்து, நாட்பட வைத்துப் பயன்படுத்தப்படுவது. அதன் சிறப்பே பாக்கு மணம் என்கிறார்கள். வெற்றிலை பாக்குப் போடும் நம் பாட்டிமார்கள் இதை நம்மைவிட நன்றாகச் சுவைத்துச் சொல்லக்கூடும்.

நம்மிடமும் குறைவில்லை. இஞ்சி, ஏலக்காய், வீட்டோரம் வளரும் செராய் என்னும் எலுமிச்சம்புல் ஆகியவை பால் சேர்க்காத தேநீரோடு நன்றாகப் பொருந்தும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கடையில் வாங்கும் மணத்தேயிலைப் பொட்டலத்தில் ‘பெரிசா’ என்ற மலாய்ச் சொல் இருந்தால், அதில் சுவையூட்டி சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பூவும் பட்டையும் சேர்த்ததா, சுவையூட்டி சேர்த்ததா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். செவ்வந்திப்பூத் தேநீர் போன்றவற்றில் தேயிலையே இல்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

விலை அதிகமாயிற்றே என்று கேட்பீர்கள். 100 கிராம் இலை ஏறத்தாழ 50 குவளைக்கு வரும். நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு பொட்டலம் வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். ஊலோங் போன்ற முழு இலையில் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் நீர் ஊற்றிப் பருகலாம். இறுக மூடிய டின்னில், மசாலாச் சாமான்களுக்கும் மண்ணெண்ணெய்க்கும் எட்ட வையுங்கள். மல்லிகை மணத்தை உறிஞ்சும் இலை, கருவாட்டு மணத்தையும் உறிஞ்சும் அன்றோ?

சுவையைப் பேசிய நாம் உடல்நலத்தையும் பேசியாக வேண்டும். தேயிலையின் துவர்ப்புப் பொருள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைப் பெருமளவு குறைக்கிறது. கர்ப்பிணிகளும், வளரும் பெண்பிள்ளைகளும், இரத்தச்சோகை உள்ளவர்களும் சாப்பாட்டோடு தேநீர் பருகுவதைத் தவிர்த்து, ஒரு மணி நேரம் கழித்துப் பருகுவது நல்லது. கைக்குழந்தையின் புட்டியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும் பழக்கத்தை அறவே விடுங்கள். அக்குழந்தைக்கு வேண்டியது பால். இனிப்புத் தண்ணீர் அன்று.

சீனிக்கும் கணக்கு உண்டு. பெரியவர்கள் நாளொன்றுக்கு 50 கிராமுக்கு மேல் சீனி சேர்க்க வேண்டாம். 25 கிராமுக்குள் நிறுத்துவது இன்னும் நன்று என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஐந்து குவளைக்கு மூன்று கரண்டி வீதம் போட்டால் அதுவே 60 கிராமை எட்டிவிடும். டின் பாலின் இனிப்பு இதில் சேரவில்லை. நீரிழிவு நம் குடும்பங்களில் எத்தனை பேரை வாட்டுகிறது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. திடீரென்று சீனியை நிறுத்தச் சொல்லவில்லை. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள். சீனி குறையக் குறைய, இலையின் சுவை வெளியே வரும்.

மூதாட்டியின் கதையை முடிக்காமல் விடக் கூடாது. அடுத்த விடுமுறையில் ஒரு பொட்டலம் இலைத்தேயிலை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். சீனி இல்லாமல் ஊற்றிக் கொடுத்தோம். முதல் வாய் பருகியதும், “சீனிய மறந்துட்டியா தம்பி?” என்றார். சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் பருகினார். பிறகு, நாம் சொல்லாமலே, வடிகட்டியில் கிடந்த ஈர இலையை விரலால் பரப்பிப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்துக் காட்டி, “இது முத்தல். இதுல காம்பும் இருக்கு. இத நாங்க கூடையில போட்டிருந்தா கங்காணி திருப்பி அனுப்பியிருப்பாரு” என்றார். அப்புறம் மூக்கருகே கொண்டுபோய், “இது வாட்டுற கொட்டகை வாசம்” என்றார். வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார்.

சுவைஞர்கள் பல ஆண்டுகள் பயின்று பெறும் அறிவில் ஒரு பாதி அம்மூதாட்டியின் விரல்நுனியில் இருந்தது. நாக்குக்கு மட்டுமே அது எட்டாமல் இருந்தது. அவர் இப்பொழுது சீனியை ஒரு கரண்டியாகக் குறைத்துவிட்டார். விருந்தாளி வந்தால் அந்த இலைத்தேயிலையை எடுத்து ஊற்றுகிறார்.

நேயர்களே, இவ்வார இறுதியில் உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள். ஒரு குவளையில் வழக்கமான தூள், மற்றொன்றில் இலைத்தேயிலை. இரண்டிலும் சீனி வேண்டாம். பெரியவர்களையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து, முகர்ந்து, உறிஞ்சி, அவரவர் கண்ட சுவையைச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இரண்டு கரண்டி போதும். வீட்டில் கொழுந்து கிள்ளிய பாட்டி இருந்தால், அவரை முதலில் பேசவிடுங்கள்.