அவரைப் பந்தலில் ஒரு மந்தை

மார்கழி, தை மாதங்களில் பூவும் பிஞ்சுமாக நிற்கும் அவரைப் பந்தலில், கொடியின் இளநுனியை மை பூசியதுபோல் அப்பிக்கொண்டிருக்கும் கடுகளவுப் பூச்சிகளை வேளாண் நூல்கள் அசுவினி என்றும் பேச்சுவழக்கு செடிப்பேன் என்றும் குறிக்கும். அவற்றை அண்டி ஏறியிறங்கும் கட்டெறும்புகளே கொடியைக் கெடுப்பதாகப் பலர் எண்ணுவதில் பாதிதான் உண்மை.

இலையில் உருவாகும் சர்க்கரையைச் செடியெங்கும் கொண்டுசெல்லும் குழாய்த் திசுவில் ஊசி போன்ற வாயுறுப்பைச் செருகி அசுவினி சாறு உறிஞ்சுகிறது. அச்சாற்றில் சர்க்கரை மிகுதி; புரதத்துக்கு மூலப்பொருளான அமினோ அமிலங்களோ மிகக் குறைவு. அசுவினியின் உடலுக்குள்ளேயே குடியிருக்கும் புக்னேரா என்னும் பாக்டீரியா அக்குறையைப் பெருமளவு ஈடுசெய்தபோதிலும், பூச்சி ஓயாது உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், மிஞ்சும் சர்க்கரைநீர் தேன்கழிவாகப் பின்புறம் துளிர்க்கிறது. பெயரில் தேன் இருந்தாலும் அது கழிவுதான். எறும்புக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை.

எறும்பு தன் உணர்கொம்புகளால் அசுவினியின் முதுகைத் தட்டித் தடவ, அது வயிற்றைச் சற்றே உயர்த்தி ஒரு பளிங்குத் துளியை வெளிவிடுவதைக் கைலென்சில் தெளிவாகக் காணலாம். டார்வின் 1859இல் வெளியிட்ட ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் இதைச் சோதித்த விதத்தை விவரிக்கிறார்: ஏறத்தாழ 12 அசுவினிகளிடமிருந்து எறும்புகளைச் சில மணி நேரம் விலக்கிவைத்து, எறும்பைப்போலவே ஒரு மயிரிழையால் வருடிப்பார்த்தும் ஒரு துளியும் வரவில்லை, பின்னர் ஓர் எறும்பை விட்டதும், அது தடவத் தடவ அவை ஒவ்வொன்றாகத் துளி விட்டன.

இதற்குக் கைம்மாறாக எறும்புகள் பொறிவண்டுகளையும், அசுவினியின் உடலுக்குள் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் விரட்டுகின்றன. இதை நட்பு என்பது சற்றுத் தாராளமான சொல். சிலவகை எறும்புகள் அசுவினியின் சிறகைக் கடித்தெறிகின்றன. சிலவற்றின் காலடி வேதிப்பொருள் அசுவினியின் நடையையே மந்தப்படுத்துகிறது. இனிப்பு மலிந்து புரதம் குறையும்போது மேய்ப்பனே மந்தையில் சிலவற்றைத் தின்றுவிடுவதும் உண்டு.

ஆண் துணையின்றியே குட்டி ஈனும் அசுவினி, பிறந்து ஒருசில வாரங்களுக்குள் தானும் தாயாகிவிடுவதால், காவல் கிடைத்த கூட்டம் விரைவில் பெருகி, நுனி சுருண்டு, சிந்திய தேன்கழிவின்மேல் கரும்பூஞ்சை படர்ந்து, இலைக்கு வெயில் எட்டாமல் போகிறது. ஆகவே அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சி உதிர்ப்பதோடு எறும்பின் வழியையும் அடைக்க வேண்டும். கொடியின் அடித்தண்டில் மட்டும் துணி சுற்றிக் கிரீஸ் தடவினால் எறும்பு பந்தல்கால் வழியே ஏறிவிடுமாதலால், ஒவ்வொரு காலுக்கும் அதைச் செய்தாக வேண்டும். காவல் நீங்கியபின் பொறிவண்டும் அதன் புழுவும் வந்துசேரும். வண்டின் சாயல் சிறிதுமின்றி, குட்டி முதலைபோலக் கருமையும் மஞ்சள் புள்ளிகளுமாக ஊரும் அந்தப் புழுவைப் புதிய பீடை என்று நசுக்கிவிடுவோரே மிகுதி.