பட்டுக்கு உள்ள பரீட்சை பொட்டலத்துக்கு உண்டா?

காஞ்சிபுரத்தின் மேற்புறத்தில், கைலாசநாதர் கோயிலுக்கு அண்டையில் உள்ள பிள்ளையார்பாளையத்தில், ஒரு நெசவாளர் வீட்டுக்கு ஜரிகை வந்தால் அதை வந்தபடியே தறியில் ஏற்றிவிடுகிற வழக்கம் கிடையாது. இழையின்மேல் சுற்றிய வெள்ளி எவ்வளவு, அதற்குமேல் ஏற்றிய தங்கமுலாம் எத்தகையது, உள்ளே ஓடுவது அசல் பட்டா, வேறு நூலா என்பதையெல்லாம் கண்ணாலும் விரலாலும் பார்த்து, சந்தேகம் தோன்றினால் சோதனைக்கும் அனுப்பி, மனத்துக்குத் திருப்தி ஏற்பட்ட பிறகே அதைக் கையாளுவார்கள். அரசாங்கமே இவ்வூரில் ஒரு ஜரிகை ஆலையை வைத்து நடத்துகிறதென்றால், கலப்படத்தைப் பற்றி இந்த ஜனங்களுக்கு இருக்கும் ஜாக்கிரதையைத் தனியாக விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே வீட்டுக்குள், அன்று சாயங்காலமே, பெயரும் தேதியும் இல்லாத உறையில் கட்டிய இட்லி மாவும், பளபளக்கும் பொட்டலத்தில் நூடுல்ஸும், பிள்ளைகள் கேட்ட சிப்ஸும் எந்தச் சோதனையும் இல்லாமல் நுழைந்துவிடுகின்றன. உடுப்பதற்கு உள்ள பரீட்சை உண்பதற்கு இல்லாமற் போனதனால் விளையும் அபாயம் என்ன, அதற்கு அடுக்களையிலும் சட்டத்திலும் உள்ள பரிகாரம் என்ன என்பதை இங்கே விசாரிப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடையில் வாங்கித் தின்பவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் என்ற பழிச்சொல் எனக்கு உடன்பாடானதல்ல. தறிக்குழியில் புருஷன் கால் இறக்கினானென்றால் ராட்டினத்தின் முன்னே மனைவி உட்கார்ந்தாக வேண்டும். தார் சுற்றவேண்டும், அறுந்த இழையை முடியவேண்டும், கோர்வைப் புடவையானால் கரைக்கு நாடா எறிய இன்னொரு கையும் வேண்டும். இவ்வளவுக்கும் நடுவே அரிசி களைந்து, உளுந்து ஊறவைத்து, அரைத்து, பாத்திரமும் தேய்த்து வைக்கும் பொறுப்பு அவளைச் சேர்ந்ததென்று எழுதாத சாசனம் ஒன்று இருக்கிறது. 2024ஆம் ஆண்டில் மத்திய அரசு எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஊதியமின்றி அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிஷம். அவ்வேலையில் கை வைக்கும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிஷம். ஆகையால், வீட்டில் சமையுங்கள் என்ற உபதேசம் ஆண்களின் காதிலும் விழாவிட்டால், அது பெண்களின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதாகவே முடியும்.

சௌகரிய உணவு என்பது நேற்று முளைத்த விஷயமும் அல்ல. இரு நாழி நெல்லைக் கொண்டு காமாட்சியம்மன் முப்பத்திரண்டு அறங்களையும் நடத்தினாள் என்று ஐதிகம் வழங்கும் இந்த நகரத்தில், வரதராஜப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் இன்றைக்கும் செய்யும் குடலை இட்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். மந்தாரை இலை வைத்த மூங்கிற்குடலையில் மாவை வார்த்து, மிளகும் சீரகமும் சுக்கும் பெருங்காயமும் நெய்யும் சேர்த்து, வெகுநேரம் ஆவியில் வேகவைத்து எடுக்கும் அந்த இட்லியை யாத்திரிகர்கள் மூட்டையில் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தும் உண்டார்கள். அது கெடாமல் தாங்கியதற்குக் காரணம் எந்த ரசாயனமும் அன்று. மிளகும் சுக்கும் நெய்யும் நீண்ட வேக்காடுமே. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, வற்றல், வடகம் ஆகியவையும் அவசரத்துக்கு என்று நம் பாட்டிமார் செய்து வைத்த சௌகரியங்களே. அவற்றில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பது உண்கிறவர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. இன்றைய பொட்டலத்தின் விஷயத்தில் அந்தத் தெரிதல் போய்விட்டது என்பதுதான் என் ஆட்சேபம்.

அந்தப் பொட்டலத்தில் இருப்பதென்ன? பிரேசில் நாட்டு ஸா பாலோ சர்வகலாசாலையைச் சேர்ந்த கார்லோஸ் மொந்தெய்ரோ என்பவரும் அவருடைய சகாக்களும், உணவுகளை அவற்றில் உள்ள சத்தைக் கொண்டு மட்டும் பார்க்காமல், ஆலையில் அவை எவ்வளவு தூரம் மாற்றப்படுகின்றன என்பதைக் கொண்டு நான்கு வகையாகப் பிரித்தார்கள். அவற்றுள் கடைசி வகையானது, வீட்டு அடுக்களையில் எவரும் வைத்திராத சுவையூட்டி, நிறமூட்டி, குழம்பாக்கி முதலியவற்றைக் கொண்டு தயாராவது. அத்தகைய உணவு மனிதரை என்ன செய்கிறதென்பதை அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தார் 2019இல் ஒரு பரிசோதனையால் காட்டினார்கள். இருபது பேரை ஆஸ்பத்திரிக்குள்ளேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலை உணவையும், இரண்டு வாரம் சாதாரணச் சமையலையும், விரும்பிய அளவு உண்ணும்படி கொடுத்தபோது, ஆலை உணவு உண்ட நாட்களில் அவர்கள் தம்மை அறியாமலே தினம் சுமார் 500 கலோரி அதிகமாக உண்டு எடையும் கூடினார்கள். இரண்டு வகைச் சாப்பாட்டிலும் பரிமாறிய சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் ஏறக்குறைய ஒரே அளவாக வைக்கப்பட்டிருந்தன என்பது இங்கே கவனிக்கத்தக்கது. இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்குமேல் நீரிழிவு உள்ளதென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளிப்படுத்தியது. இந்நாட்டின் நோய்ச்சுமையில் நூற்றுக்கு 56 பங்குக்குமேல் தவறான உணவினால் வருவதென்று, அக்கழகத்தைச் சேர்ந்த ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டு நூல் மதிப்பிடுகிறது. நாள் முழுவதும் உட்கார்ந்தே தொழில் செய்கிற ஒரு சமூகம் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதற்கில்லை.

சாயத்தைப் பற்றி இவ்வூர்க்காரர்களுக்கு நான் ஒன்றும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. எந்தச் சாயம் பட்டில் பிடிக்கும், எது வெளுக்கும் என்பது அவர்களுக்குக் கைவந்த வித்தை. ஆனால் துணிக்கு ஏற்றும் அதே சாயங்களில் சில உணவுக்குள்ளும் புகுந்திருப்பதை அவர்களில் பலர் அறியார். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்ததன் காரணம், பரிசோதனைக்கு எடுத்த மாதிரிகளில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருந்தமையே. மெட்டானில் மஞ்சள் என்ற இன்னொரு சாயம் மஞ்சள்தூளிலும் பருப்பிலும் ஏறுவதுண்டு. ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி மஞ்சள்தூளைப் போட்டு வைத்தால், நல்ல தூளானது அடியில் படிந்து நீரை வெளிர்மஞ்சளாக விட்டுவிடும். சாயம் கலந்ததானால் நீர் முழுவதும் அடர்ந்த மஞ்சளாகவே நிற்கும். மிளகாய்த்தூளை நீரின்மேல் தூவும்போது நிறம் கோடுகோடாக இறங்கினால் அதிலும் சாயம் உண்டென்று சந்தேகிக்கலாம். வீட்டிலே மஞ்சளையும் மிளகாயையும் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்துக்கொண்டவருக்கு இந்தத் தம்ளர் பரீட்சையும் வேண்டியதில்லை.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற நாளில், உறையைத் திருப்பிப் பார்ப்பது உரிமையும் கடமையும் ஆகும். பொட்டல உணவின்மீது தயாரித்தவர் பெயரும் விலாசமும், சேர்மானங்களும், தயாரித்த தேதியும், எந்தத் தேதிவரை உண்ணலாம் என்பதும், பதினான்கு இலக்கமுள்ள உரிம எண்ணும் இருந்தே தீரவேண்டும் என்பது சட்டம். சேர்மானங்களை எடையில் அதிகமானது முன்னும் குறைவானது பின்னுமாக எழுதவேண்டுமென்று விதி இருப்பதால், ராகி பிஸ்கோத்து என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தும், பின்புறத்தில் முதலாவதாக மைதாவும் இரண்டாவதாகச் சர்க்கரையும் இருக்குமானால், அது எந்த பிஸ்கோத்து என்பது விளங்கிவிடும். சோடியம் என்ற வரியில் உள்ள மில்லிகிராமை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 1,000 மில்லிகிராம் சோடியம் என்றால் இரண்டரைக் கிராம் உப்பு, அதாவது உலகச் சுகாதார ஸ்தாபனம் ஒரு நாள் முழுவதற்கும் அனுமதிக்கும் ஐந்து கிராமில் சரிபாதி. கண்ணாடிப் பெட்டிக்குள் சில்லறையாக விற்கும் மிட்டாய் வகைகளுக்கும், எந்தத் தேதிக்குள் உண்ணவேண்டும் என்று தட்டின் முன்னே அறிவிக்க வேண்டுமென்ற உத்தரவு 2020 அக்டோபர் முதல் தேதியிலிருந்து அமலில் உள்ளது. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடை சுடுவதற்கும் வரம்பு உண்டு. கெட்டுப்போன கூறுகள் நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டிய எண்ணெயை 2018 ஜூலை முதல் உபயோகிக்கக் கூடாது.

அடுக்களையும் தானாகவே பரிசுத்தமாகிவிடுவதில்லை என்பதை நடுநிலையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். மத்தியானம் வடித்த சோற்றை வெப்பத்தில் ராத்திரிவரை வைத்திருந்து கிளறினால், அது வீட்டுச் சோறு என்பதற்காக அதிலுள்ள கிருமி தயவு காட்டாது. சமைத்த பண்டத்தை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்காதிருப்பதும், பச்சை மாமிசம் வெட்டிய கத்தியால் காய் நறுக்காதிருப்பதும், மீந்ததை ஆவி பறக்கச் சுடவைத்து உண்பதும் கட்டாயமான நியமங்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை 2025 ஏப்ரலில் நம் அரசு ஓராண்டுக்குத் தடை செய்ததும் இந்தக் கிருமிகளின் பயத்தினால்தான். வீட்டுச் சமையலில் உள்ள லாபம் வேறு: உப்பும் எண்ணெயும் சர்க்கரையும் எவ்வளவு என்று தீர்மானிப்பவர் நாமாகவே இருக்கிறோம்.

செலவுக்குப் பயந்து பின்வாங்க வேண்டியதும் இல்லை. நியாய விலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அட்டைக்குக் கிடைக்கின்றன. அரசுத் துவக்கப்பள்ளிகளில் காலைச் சிற்றுண்டித் திட்டத்தின்கீழ்ப் பிள்ளைகளுக்கு உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் அன்றன்று சமைத்தே போடப்படுகின்றன. ஒரு தெருவில் நாலு குடும்பங்கள் சேர்ந்து, கிரைண்டர் உள்ள வீட்டில் முறைவைத்து மாவு அரைத்துக்கொண்டால், ஒரு பெண்ணுக்கு வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் அந்த வேலை வரும். அம்மாவைக் கிரைண்டரண்டை நிறுத்திவிட்டு அப்பா டீக்கடைக்குப் போகிற வீடுகளில், உளுந்து ஊறப்போடுகிற பொறுப்பை அவரே ஏற்றுக்கொள்வது நல்லது. அதற்குப் பிரத்தியேகப் பயிற்சி ஒன்றும் தேவையில்லை. வீட்டில் மாவு அரைத்து விற்கும் சகோதரிகளும் ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டி உணவு பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, உறையில் பெயரும் தேதியும் ஒட்டினார்களானால், வாங்குகிறவருக்கு நம்பிக்கை. விற்கிறவருக்கும் நாளைக்கு ஓர் அதிகாரி வந்து நின்றால் பயமில்லை.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் கெட்ட பண்டம் கைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது? 1954ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2006ஆம் ஆண்டின் உணவு பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் வாங்குகிறவரை நிராயுதபாணியாக விடவில்லை. தரங்குறைந்த பண்டத்தை விற்றால் ஐந்து லட்ச ரூபாய்வரையிலும், பொய்யான விவரங்களை உறையில் அச்சிட்டால் மூன்று லட்சம்வரையிலும், ஜனங்களை ஏமாற்றும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம்வரையிலும் அபராதம் உண்டு. பாதுகாப்பற்ற உணவினால் உயிரே போனால் ஏழாண்டுக்குக் குறையாத சிறையும், ஆயுள்தண்டனை வரையிலும் விதிக்க இடமுண்டு. இறந்தவர் குடும்பத்துக்கு ஐந்து லட்சத்துக்குக் குறையாத நஷ்ட ஈட்டையும் விற்பனையாளர் கொடுக்கவேண்டும். பலரும் அறியாத பிரிவு ஒன்று உண்டு, நாற்பதாவது. அதன்படி சாதாரண நுகர்வோர் ஒருவரே, வாங்கும்போது கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்திப் பண்டத்தை அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம்; பண்டம் சட்டத்துக்குப் புறம்பானதென்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணத்தைத் திரும்பப் பெறும் உரிமை அவருக்கு உண்டு. ஜரிகைக்குச் சோதனைச் சீட்டு கேட்கும் ஊரில் இந்தப் பிரிவைக் கையாளுகிறவர் அரிதாக இருப்பது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

நோய் கண்டவருக்கு முதலில் வைத்தியம். வாந்தியும் பேதியும் ஓயாவிட்டால் 108க்குச் சொல்லுங்கள். பிறகு, மிச்சமிருக்கும் பண்டத்தை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, உறையையும் பில்லையும் வைத்தியர் எழுதிய சீட்டையும் பத்திரப்படுத்தி, மாவட்ட நியமன அலுவலருக்கோ உணவு பாதுகாப்பு அலுவலருக்கோ எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். நஷ்ட ஈடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. 2019ஆம் ஆண்டின் சட்டப்படி வழக்கை நீங்கள் வசிக்கும் இடத்திலேயே தொடுக்கலாம். சம்பவம் நடந்து இரண்டாண்டுக்குள் தொடுக்கவேண்டும். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டுமென்ற நிர்ப்பந்தமும் இல்லை. எழுதத் தயங்குகிறவர்கள் பொட்டலத்தைப் படமெடுத்து 94440 42322 என்ற உணவு பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இந்த இரண்டு எண்களையும் இன்றைக்கே சமையலறைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். பில் கொடுக்காத கடையில் கேட்டு வாங்குங்கள்.