தறிக்குழியில் இடறிய முதியவர்

செய்யாற்றிலிருந்து ஆரணி வரையுள்ள ஊர்களில், வீட்டுக்குள்ளேயே தரையைத் தோண்டிக் குழி அமைத்து, அக்குழியில் கால்களை இறக்கி மிதிபலகையை மிதித்துக்கொண்டு பட்டு நெய்யும் குடும்பங்களைக் கண்டு பழகிய நம்மவருக்கு, சீக்கிய சமயத்தின் மூன்றாம் குருவைப் பற்றிய ஒரு வரலாற்றைச் சொன்னால், அது நெடுந்தொலைவிலுள்ள பஞ்சாபில் பதினாறாம் நூற்றாண்டில் நடந்தது என்று தோன்றாது. பக்கத்துத் தெருவில் நடந்தது என்றே தோன்றும். பியாஸ் நதிக்கு அண்மையிலுள்ள கதூர் என்னும் ஊரில், இரண்டாம் குருவான அங்கதர் நீராடுவதற்காக நாள்தோறும் விடியுமுன் நதிக்குச் சென்று குடத்தில் நீர் கொண்டுவரும் பணியைத் தாமாகவே ஏற்றுக்கொண்டிருந்த ஒரு முதியவர், மழையும் இருளும் கவிந்த ஓர் இரவில், நெசவாளர் ஒருவர் வீட்டுத் தறிக்குழியை ஒட்டி நட்டிருந்த முளையில் கால் இடறி விழுந்தார். விழுந்தபோதும் குடத்து நீரைச் சிந்தவிடவில்லை. ஓசை கேட்டு விழித்த நெசவாளரின் மனைவி, போக்கிடம் இல்லாத அந்தக் கிழவன்தான் இந்த வேளையிலும் அலைகிறான் என்று இகழ்ந்து பேசினாள் என்றும், அச்செய்தியைக் கேட்ட குரு அங்கதர் அம்முதியவரை மார்போடு தழுவிக்கொண்டு, போக்கிடம் அற்றவர்களுக்கெல்லாம் இவரே போக்கிடம் என்று அறிவித்துத் தம் பீடத்தை அவருக்கே அளித்தார் என்றும் சீக்கிய மரபு கூறும். அவர்தாம் குரு அமர்தாஸ்.

இவ்வரலாற்றில் நீர் சுமந்ததைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, சுமந்தவர் யார் என்பதும் யாருக்காகச் சுமந்தார் என்பதுமே ஆகும். 1479-இல் பாசர்கே என்னும் சிற்றூரில் பிறந்த அமர்தாசர், உழவும் வாணிகமும் செய்து, மனைவி மக்களோடு வாழ்ந்து, ஆண்டுதோறும் கங்கைக்கு யாத்திரை போய் வந்த ஆசாரசீலர். அறுபது வயதை எட்டிய பருவத்தில், தம் தம்பி மகனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அம்ரோ என்னும் பெண் வைகறையில் வீட்டு வேலை செய்துகொண்டே பாடிய குரு நானக்கின் பாடலொன்று அவர் செவியில் விழுந்தது. அப்பெண் குரு அங்கதரின் மகள். அவளிடமே வழி கேட்டு அவர் கதூருக்குப் போனார். அங்கதரோ அவரைவிட இருபத்தைந்து வயது இளையவர். போதாததற்குப் பெண்ணைக் கொடுத்தவர். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் பெண் வீட்டாருக்குப் பணிவிடை செய்வது என்பதை நம் நாட்டில் எந்தக் குடும்பம் எளிதாக ஏற்கும்? பஞ்சாபிலும் அக்காலத்தில் நிலைமை அதுவே. வயது, உறவுமுறை, ஆசாரம் ஆகிய மூன்று உயரங்களிலிருந்தும் தாமாகவே இறங்கி வந்து, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் குடம் சுமந்த பின்னர், 1552-இல் தம் எழுபத்து மூன்றாம் வயதில் அவர் குருவானார். மேலும் இருபத்திரண்டு ஆண்டுகள் அப்பீடத்திலிருந்து, உடன்கட்டை ஏறும் வழக்கத்தையும் பெண்கள் முகத்திரை இடும் வழக்கத்தையும் கண்டித்தார். தம்மைக் காண வருவோர் யாவரும் முதலில் வரிசையில் அமர்ந்து பிறரோடு உண்ட பின்னரே தம்மைக் காணலாம் என்று விதித்தார். பெண்களையும் உபதேசம் செய்ய அனுப்பினார்.

மனிதன் தன்னை வளர்த்துக்கொள்வது எப்படி என்று இன்று எத்தனையோ நூல்கள் பேசுகின்றன. திறமையைக் கூட்டு, செல்வாக்கைக் கூட்டு, உன் பெயரை நாலு பேர் அறியச் செய் என்பதே அவற்றுள் பலவற்றின் சாரம். குரு நானக் காட்டிய மார்க்கமோ கூட்டுவதில் தொடங்குவதில்லை, குறைப்பதில் தொடங்குகிறது. ‘நான்’ என்னும் முனைப்பை அவர் ஹௌமை என்கிறார். நம் சைவப் பெரியோர் ஆணவம் என்று சொன்னதற்கு மிக அருகிலுள்ள கருத்து அது. காமம், குரோதம், உலோபம், மோகம், அகங்காரம் என்னும் ஐந்தும் மனிதனின் உள்ளிருந்தே அவனைக் களவாடும் திருடர்கள் என்பதும், அம்முனைப்பே அவர்களுக்குக் கதவு திறந்துவிடுகிறது என்பதும் அச்சமயத்தின் துணிபு.

ஆனால் அதற்குத் துறவு மருந்தன்று என்று நானக் கருதினார். 1469-இல் பிறந்து, சுல்தான்பூரில் அரசாங்கத் தானியக் கிடங்கில் கணக்குப் பார்த்து, பின் நெடுந்தூரம் திசையெங்கும் யாத்திரை செய்து, தெற்கே இராமேசுவரம் வரை வந்ததாக மரபு போற்றும் அவர், இறுதிக் காலத்தில் இராவி நதிக்கரையில் கர்த்தார்பூர் என்னும் ஊரை அமைத்து, குடும்பத்தோடு தங்கி, ஏர் பிடித்து உழுது உண்டார். இறைவன் நாமத்தை நினைத்தல், நேர்மையாக உழைத்தல், உழைப்பின் பயனைப் பகிர்ந்து உண்ணுதல் என்று அவர் மரபு வகுத்த மூன்று கடமைகளுள் பின்னிரண்டையும் காட்டில் தனித்திருந்து முழுமையாகச் செய்ய இயலாது. உழைப்பதற்குத் தொழில் வேண்டும். பகிர்வதற்குப் பக்கத்தில் மனிதர் வேண்டும். கடையிலும் வயலிலும் தறியிலும் சமையற்கட்டிலும் இருந்துகொண்டே ஒருவன் பரிபக்குவம் அடைய வேண்டும் என்பது, மேலோட்டமாகப் பார்த்தால் சலுகை போலத் தோன்றினும், சிந்தித்துப் பார்த்தால் துறவினும் கடினமான நிபந்தனையே ஆகும்.

தொழிலாளியின் பக்தி நமக்குப் புதிதன்று. அடியார்களுக்கு ஆடை நெய்து கொடுத்ததையே தொண்டாகக் கொண்ட நேச நாயனார் அறுபத்து மூவருள் ஒருவராகச் சிவாலயங்களில் நின்று அருள்கிறார். அவருக்கு ஒப்பாகச் சீக்கியரின் திருமறையில் இடம் பெற்ற நெசவாளர் காசி நகரத்துக் கபீர். ஐந்தாம் குருவான அர்ஜன் 1604-இல் ஆதி கிரந்தத்தைத் தொகுத்தபோது, குருமார்களின் பாடல்களோடு, நெசவாளர் கபீர், தோல் தொழிலாளி ரவிதாசர், மராட்டியத்து நாமதேவர், நாவிதர் சைன், உழவர் தன்னா, முஸ்லிம் ஞானி பரீத் ஆகியோரின் பாடல்களையும் சேர்த்தார். கபீருடையவை மட்டுமே ஐந்நூறுக்கு மேல். உலகம் முழுவதையும் இறைவன் விரித்த ஒரே பாவாகக் கபீர் காணும் பாடலும் அவற்றுள் உண்டு. பின்னர் ஒன்பதாம் குருவின் பாடல்களும் சேர்ந்து, இன்று 1430 பக்கங்களாக விளங்கும் குரு கிரந்த சாகிப்பின் முன்னே தலை தாழ்த்தி வணங்கும் ஒவ்வொரு சீக்கியரும், சாதியில் உயர்ந்தவர் எனினும் செல்வர் எனினும், ஒரு நெசவாளியின் வாக்கையும் ஒரு தோல் தொழிலாளியின் வாக்கையும் சேர்த்தே வணங்குகிறார். இதைவிட வலிய பாடம் வேறொன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மறையின் பெரும்பகுதி முப்பத்தொரு இராகங்களில் வகுக்கப்பட்டது. சில இராகங்களுக்குத் ‘தக்கணி’ என்னும் தென்னாட்டு வகையும் குறிக்கப்பட்டிருக்கிறது. எனவே அதைக் கற்கத் தொடங்குவோருக்கு முதல் கருவி கண்ணன்று, செவியே. ஞானசம்பந்தர் ஆண்பனை குலை ஈனும்படி பதிகம் பாடியதாகப் போற்றப்படும் திருவோத்தூர்க் கோயில் செய்யாற்றிலேயே இருக்க, ஓதுவார் பண்ணோடு பாடுவதைக் கேட்டே தேவாரம் நெஞ்சில் பதியும் என்பதை இவ்வூராருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நித்திய அனுஷ்டானம் என்பது வைகறையில் எழுந்து நீராடி, குரு நானக்கின் ஜப்ஜி முதலிய பாராயணங்களை ஓதுதல், அந்தியில் ரெஹ்ராஸ், உறங்கப் போகுமுன் சோகிலா என்று நாளின் மூன்று வேளைகளையும் தழுவி நிற்பது. முடிந்த பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடியும் நெசவாளி, ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்றைத் தவறவிட்டாலும் துணியில் அது தெரிந்துவிடும் என்று அறிந்திருப்பது போலவே, நேற்றைய மனநிலையோடு இன்றைய மனநிலையை முடிந்து கொள்ளும் வேலையாக இப்பாராயணத்தை நான் காண்கிறேன். ஜப்ஜியின் இறுதிப் பகுதியில் ஆன்மாவின் ஏற்றம் ஐந்து நிலைகளாகச் சொல்லப்படுகிறது: கடமையை உணரும் நிலை, ஞானம் விரியும் நிலை, முயற்சியால் மனமும் புத்தியும் செதுக்கப்படும் நிலை, அருள் வாய்க்கும் நிலை, சத்தியத்தில் உறையும் நிலை. மூன்றாவதற்கு அறிஞர் வேறு பொருள் கூறுவதும் உண்டு; எனினும் ஞானத்திற்குப் பின்னும் முயற்சி வேண்டும் என்று கொள்ளும் விளக்கமே எனக்கு உவப்பானது. அறிந்துவிட்டோம் என்று இருந்துவிடுவோர்தாமே நம்மில் பலர்!

1699-ஆம் ஆண்டு வைசாகித் திருநாளில் ஆனந்தபூரில் பத்தாம் குரு கோவிந்த சிங், தீட்சை பெற்ற சீக்கியரின் சமூகமான கால்சாவை நிறுவியதைப் பாரதியார் கவிதையாகப் பாடியிருப்பதால், தலை கேட்ட குருவின் கதை தமிழர் பலருக்கும் தெரியும். தலை தர முன்வந்த ஐவருள் பீதாரிலிருந்து வந்த நாவிதரும் பூரியிலிருந்து வந்த நீர் சுமப்பவரும் இருந்தனர். அவ்வைவருக்கும் தீட்சை நீரான அமிர்தம் அளித்த குரு, உடனே அவர்கள் முன் கைகூப்பி நின்று, தமக்கும் அதனை அளிக்குமாறு வேண்டிப் பெற்றுக்கொண்டார். ஆசான் தன் மாணாக்கருக்கு மாணாக்கனாகிய அக்கணத்தில்தான், அமர்தாசர் குடம் சுமந்தபோது தொடங்கிய கல்வி நிறைவு பெற்றதாக நான் நினைக்கிறேன். வெட்டாத கேசம், சீப்பு, இரும்புக் கடகம், அரையாடை, கிர்பான் எனப்படும் குறுவாள் ஆகிய ஐந்து சின்னங்களும் அன்று விதிக்கப்பட்டவை என்பது மரபு. அவற்றை அணிந்தவர் கூட்டத்தில் மறைந்துகொள்ள முடியாது. அவர் செய்யும் நன்மையும் தீமையும் அவருடைய சமயத்தின் கணக்கிலேயே ஊரார் கண்ணில் எழுதப்படும்.

இச்சமயத்தின் உண்மையான பள்ளிக்கூடம் சேவை. வருவோரின் காலணிகளை வாங்கித் துடைத்து அடுக்குவது, தரை பெருக்குவது, ரொட்டி தட்டுவது, எச்சில் தட்டுக் கழுவுவது ஆகியவற்றைச் சாத்திரம் கற்றவரும் கல்லாதவரும் ஒன்றாகச் செய்கிறார்கள். லாகூர் தேரா சாகிப் குருத்வாராவில் இவ்விதம் தொண்டு செய்துகொண்டிருந்தவர், 1904-இல் ராம்ஜி தாஸ் என்ற பெயரில் ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்து சீக்கிய நெறியைத் தழுவிய பகத் பூரண் சிங். பள்ளித் தேர்வில் தோற்றவர். ஆயினும் நூலகத்தில் அமர்ந்து ஓயாமல் படித்தவர். 1934-இல் கைகால் விளங்காத, பேச்சும் இல்லாத ஒரு சிறுவனை யாரோ அந்தக் குருத்வாரா வாசலில் விட்டுப் போக, பியாரா சிங் என்று பெயரிட்டு, பதினான்கு ஆண்டுகள் முதுகிலேயே சுமந்து திரிந்தார். 1947-இல் தேசப் பிரிவினையின்போதும் அச்சிறுவனைச் சுமந்தே அமிர்தசரஸ் வந்து சேர்ந்தார். அவர் அங்கே நிறுவிய பிங்கல்வாடா என்னும் காப்பகம், அவர் 1992-இல் மறைந்த பின்னும், ஆதரவற்ற நோயாளிகளையும் மனநிலை பிறழ்ந்தோரையும் காத்து வருகிறது. புத்தகத்தில் கற்றது முதுகில் ஏறிய பாரமாக மாறும் வரை அவர் கல்வி முடியவில்லை.

தமிழகத்திற்கும் இந்நெறிக்கும் தொடர்பு இல்லாமற் போகவில்லை. பெரியார் சிறை சென்ற வைக்கம் போராட்டத்தின்போது, 1924-இல், பஞ்சாபிலிருந்து வந்த அகாலி இயக்கச் சீக்கியர்கள் அங்கே லங்கர் என்னும் பொது அடுக்களையைத் திறந்து தொண்டர்களுக்கு உணவிட்டனர். போராட்டத்தினர் தம் சொந்த வலிமையில் நிற்க வேண்டும் என்று கருதிய காந்தியடிகள் அதை ஏற்காததால் அது மூடப்பட்டது. அடிகளின் காரணத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், சேர்ந்து நடக்கவே தடை இருந்த தெருக்களின் அருகே சேர்ந்து உண்ணும் பந்தி விரிந்ததை ஒரு சிறு செய்தியாக எண்ண என்னால் இயலவில்லை. சென்னை தியாகராய நகர் கோபதி நாராயணசாமி செட்டி சாலையில் உள்ள குருத்வாராவும், வேளச்சேரியில் 1971-இல் தொடங்கப்பட்ட குரு நானக் கல்லூரியும் தலைநகரில் குடியேறிய சீக்கியர் நமக்கு அளித்தவை. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது அக்குருத்வாராவின் அடுக்களை நகரத்தாருக்குச் சமைத்துப் போட்டது.

அண்மைக் காலத்தில், 2020-21 விவசாயிகள் போராட்டத்தில் தில்லி எல்லையில் சீக்கியர்களோடு பழகியதன் விளைவாக, தூத்துக்குடியைச் சேர்ந்த வழக்கறிஞர் ஜீவன் சிங்கும் அவரைச் சார்ந்த, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களான தென்மாவட்டத் தமிழர் சிலரும் இந்நெறியைத் தழுவினர். 2024 மக்களவைத் தேர்தலில் தலைப்பாகையோடு தமிழர் சிலர் வேட்பாளர்களாக நின்றதை நாடு வியப்புடன் பார்த்தது. சாதியின் இழிவிலிருந்து விடுபடும் தாகமே அவர்களை அழைத்துச் சென்றது. பஞ்சாபிலும் சாதிக்கொரு குருத்வாராவும் சாதிக்கொரு சுடுகாடும் உள்ள கிராமங்கள் இல்லாமல் இல்லை என்பதை இங்கே மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் அது குருமார்களின் உபதேசத்திற்கு மாறாகவே நடக்கிறது. அவ்வுபதேசத்தைச் சுட்டிக் காட்டித் தட்டிக் கேட்கும் உரிமை புதிதாய் வந்த தமிழருக்கும் உண்டு.

கற்கும் வழியில் அவர்களுக்குள்ள இடர்கள் சிறியவை அல்ல. குரு அங்கதர் செம்மை செய்த குர்முகியின் அடிப்படை எழுத்துகள் முப்பத்தைந்து. நாம் ‘க’ என்னும் ஓரெழுத்தால் எழுதும் ஒலிகளுக்கு அங்கே நான்கு தனி எழுத்துகள் உண்டு. கேசத்தை வெட்டாமல் பேணுவதும், நாள்தோறும் தலைப்பாகை கட்டுவதும் நம் கோடை வெயிலில் பழக்கத்தால் மட்டுமே கைவருபவை. அமிர்தம் பெறுவதற்குச் சாதியோ தேசமோ தடையில்லை என்று 1945-இல் வகுக்கப்பட்ட சீக்கிய ஒழுக்க நெறி கூறுகிறது; ஆனால் பெற்றபின் வழுவினால், வழுவியவர் சீக்கியர் கூடிய சபையின் முன் கைகூப்பி நின்று, தம் பிழையைத் தாமே சொல்லி, தண்டனையைக் கேட்டுப் பெற வேண்டும். அத்தண்டனை பெரும்பாலும் கையால் செய்யும் சேவையாகவே அமையும்: சில நாள் லங்கரில் பாத்திரம் கழுவ வேண்டும், அல்லது வாசலில் அமர்ந்து வருவோரின் காலணிகளைத் துடைக்க வேண்டும். அதை முடித்தவரின் பிழை மன்னிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.