டியூஷன் வாசலில் ஒரு மணி நேரம்

ஓடியாடும் குடும்பம் – 11

காரியாபட்டியில் சாயங்காலம் ஆறு மணிக்கு, என் பையன் படிக்கிற டியூஷன் வீட்டு வாசலுக்கு வந்து பாருங்கள். ஏழெட்டு பைக்குகள் வரிசையாக நிற்கும். ஸ்டாண்டு போட்ட பைக்கின் மேலேயே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். எல்லார் முகத்திலும் செல்போன் வெளிச்சம். வீட்டுக்குப் போய்த் திரும்பி வர பெட்ரோல் தண்டம் என்று, ஒரு மணி நேரத்தை அங்கேயே கழிக்கிற அப்பாக்கள். ஸ்கூட்டியில் சாய்ந்தபடி இரண்டு மூன்று அம்மாக்களும் உண்டு. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "வாக்கிங் போகணும்னுதான் இருக்கு. எங்கண்ணே நேரம்?"

இரண்டு வருஷம் அந்த வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

நான் முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு தை மாதம் புது ஷூ வாங்கி, விடிகாலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்துக் கிளம்பினேன். ஒன்பது நாள் நடந்தேன். பத்தாவது நாள் சின்னவளுக்குக் காய்ச்சல். அவளுக்குச் சரியானதும் பெரியவனுக்குப் பரீட்சை. அதன்பின் மதுரை பஸ்ஸைப் பிடிக்கிற ஓட்டம்தான் மிச்சம். ஷூ பரணுக்குப் போய்விட்டது. 'மனசு வந்தால் மறுபடி தொடங்கலாம்' என்று காத்திருந்தேன். மனசு வரவேயில்லை.

பரணிலிருந்து ஷூவை இறக்க வைத்தது ஒரு பேச்சுதான். பக்கத்து பைக்கில் உட்கார்ந்திருந்த ஒருவர், "ஏண்ணே, சும்மாதானே உக்காந்திருக்கோம், ஒரு ரவுண்டு போயிட்டு வருவமா?" என்றார். கண்மாய்க் கரை வரை போய்த் திரும்பினோம். மறுநாளும் அவர் நின்றார். ஒருநாள் நான் அலுப்பாக போனை எடுத்து உட்கார்ந்ததும், "என்னண்ணே, இன்னைக்கு லீவா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக் கூச்சப்பட்டே இறங்கினேன்.

இந்த 'லீவா' என்ற கேள்விக்கு என்ன பலம் என்பதை மருத்துவர்களும் அறிந்திருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி, 2006-ல் வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேரைப் பல பிரிவாக்கி மூன்று வருஷம் கவனித்தார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. சாப்பாட்டைத் திருத்தி, தினம் அரை மணி நேரம் வேகமாக நடக்கச் சொல்லப்பட்டவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. அறிவுரை சொன்னதோடு அந்தக் குழு ஓயவில்லை. மாதா மாதம் போன் போட்டு, 'நடக்கிறீர்களா?' என்று விசாரித்தது. என் பைக் நண்பர் செய்ததும் அதேதான்.

துணையைப் போலவே இடமும் வேண்டும். திருமங்கலம் ஆசியாட் காலனி (நம் மதுரைத் திருமங்கலம் அல்ல, சென்னையில் இருப்பது) ஒரு நல்ல உதாரணம். 1990-களின் பிற்பகுதியில் டாக்டர் வி. மோகன் குழு அங்கே ஆய்வு செய்தபோது, வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதம் பேர். குழு விழிப்புணர்வு ஊட்டியது. குடியிருந்தவர்கள் தாங்களே பணம் திரட்டிப் பூங்கா அமைத்தார்கள். சில வருஷம் கழித்துப் பார்த்தால் அந்தக் கணக்கு 58.7 சதவீதம். வாசலுக்கு எதிரே பாதை இருந்தால் கால் தானாக இறங்குகிறது.

நம் ஊரில் அந்தப் பாதைதான் சிக்கல். நாலுவழிச் சாலையில் தூத்துக்குடி லாரிகள். தெருவில் இருட்டும் நாய்களும். பெண்களுக்கு இவற்றோடு ஊர் வாயும் சேர்ந்துகொள்ளும். "மதினி, எங்க இந்நேரம் தனியா கிளம்பிட்டீக?" என்று கேட்டாலே பலர் மறுநாள் வருவதில்லை. நாலு பேராகச் சேர்ந்து போனால் அந்தக் கேள்வி எழுவதில்லை. பள்ளிக்கூட மைதானத்தைச் சாயங்காலம் திறந்துவிடக் கேட்பதும், தெருவிளக்குக்காகப் பேரூராட்சியில் மனுக் கொடுப்பதும் உடற்பயிற்சியில் சேர்த்திதான்.

"உழைக்கிற உடம்புக்கு வாக்கிங் எதுக்கு?" என்பது இன்னொரு கேள்வி. நியாயம்தான். அந்த 2006 ஆய்விலும், ஏற்கெனவே உடலுழைப்பில் இருந்தவர்களிடம் அதையே தொடரச் சொன்னார்கள். ஆனால் எல்லா உழைப்பும் ஒன்றல்ல. பட்டாசு, தீப்பெட்டி வேலையில் பல பெண்களுக்குக் கைதான் ஓடும். உட்கார்ந்த இடத்தில் கால் மரத்துப்போகும். மதுரைக்குப் பஸ் ஏறி ஆபீஸ் நாற்காலியில் உட்காரும் எனக்கும் அதே கதைதான்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி. பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம் போதும். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியையும் 2020-ல் எடுத்துவிட்டார்கள். பிள்ளையை வேன் ஏற்றிவிட்டுத் திரும்பும் ஐந்து நிமிட நடையும் இப்போது கணக்கில் வரும். ஒரு மணி நேர டியூஷனில் பாதியை எடுத்தாலே, வாரம் ஐந்து நாளுக்கு 150 நிமிடம் சரியாக வந்துவிடுகிறது.

பிள்ளை பெற்றவர்களுக்குத் தனியாக நேரம் என்று ஒன்று கிடைக்காது. பிள்ளைகளின் நேரத்துக்குள்தான் நம் நேரமும் ஒளிந்திருக்கிறது. டியூஷன், பாட்டு கிளாஸ், கராத்தே என்று எங்கே காத்திருக்கிறீர்களோ அங்கேயே தொடங்குங்கள். காய்ச்சல், பரீட்சை, கல்யாணம் என்று நடை விட்டுப்போகும். போகட்டும். டியூஷன் மறுபடி திறக்கிற அன்றைக்கு, பக்கத்தில் இருப்பவரையும் கூப்பிட்டுக்கொண்டு பைக்கிலிருந்து இறங்குங்கள்.

அடுத்த வாரம்: முழங்கால் வலி இருப்பவர்கள் நடக்கலாமா?

(தொடரும்)