அமீரகம் செல்வோருக்குக் காத்திருக்கும் சட்டச் சிக்கல்கள்

எங்கள் ஊரில் வளைகுடாவில் ஒருவராவது இல்லாத வீடு குறைவு. போகும் நாட்டின் சட்டத்தை விசாரித்துவிட்டுப் போனவரோ அதைவிடக் குறைவு.

ஐக்கிய அரபு அமீரகத்தில் பலர் மாட்டிக்கொள்வது காசோலையில்தான். வீட்டு வாடகைக்கு வருடம் முழுவதற்குமான காசோலைகளைப் பிந்திய திகதியிட்டு முன்கூட்டியே கையளிப்பது அங்கு வழக்கம். முன்பு காசோலை திரும்பினால் பொலிஸ், சிறை என்று போகும். 2022 ஜனவரி முதல் கணக்கில் பணம் போதாமை மட்டும் குற்றமாகாது. அதற்காக நிம்மதியடைய முடியாது. திரும்பிய காசோலையோடு கடன்காரர் நேரே நிறைவேற்று நீதிமன்றம் செல்லலாம். பயணத் தடையும் விழலாம். வேண்டுமென்றே கணக்கை மூடினால் இன்றும் குற்றமே.

சுற்றிப் பார்க்கப் போவோருக்கு வரும் வம்பு வேறு. கோடீன், ட்ரமடோல் அடங்கிய மாத்திரைகளுக்கு வைத்தியரின் சீட்டோடு அங்குள்ள அரசின் அனுமதியும் வேண்டும். வட்ஸ்அப்பில் ஒருவரை ஏசினாலும் வழக்குத்தான். நம் குடும்பக் குழுமங்களைப் பார்க்கையில் எனக்கு இதுவே பெரும் பயம்!

வீட்டு வேலைக்குச் செல்லும் நம் பெண்களுக்கு ஒன்று: கடவுச்சீட்டைத் தம்மிடமே வைத்திருக்க 2022ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. சம்பளம் கிடைக்காவிட்டால் மனிதவள அமைச்சில் முறையிடலாம். சொல்லாமல் வெளியேறினால் முதலாளி 'தலைமறைவு' என்று முந்திக்கொண்டு முறையிடுவார். நியாயம் கேட்க வேண்டியவள் பதில் சொல்ல வேண்டியவளாகிவிடுவாள்.