புணையும் உறுதியும்

'புணை' என்னுஞ் சொல்லுக்குத் தெப்பம் என்பது ஒரு பொருள். பிறனொருவனுக்காகப் பொறுப்பேற்று நிற்றல் என்பது மற்றொரு பொருள். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்த பொருத்தத்தை மட்டக்களப்பு வாவிக்கரை மக்களுக்கு விளக்கவேண்டுவதில்லை. படுவான்கரையிலுள்ள மண்டூருக்கும் எழுவான்கரைக் குருமண்வெளிக்கும் இடையே ஆளையும் வண்டியையும் சுமந்து சென்ற மிதவையை அவர்கள் 'பாதை' என்றே வழங்கினர். நீரிடை நிலமாய் நின்றது அது. பொருளில்லான் ஒருவனுக்குப் பொருளாய் நிற்பவன் புணையாளன். இதனோடு உடன்வைத்து எண்ணத்தக்க 'பிணை', கட்டுதலைக் குறிப்பது. நீதிமன்றத்திலும் வங்கியிலும் இன்றும் வாழ்வது.

உத்தரவாதம் என்பது ஓர் ஆளே என்னும் இக்கருத்து தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பழைய ஆங்கிலத்தில் 'போர்ஹ்' என்பது பிணை நிற்பவனுக்கும் பிணைப் பொருளுக்கும் பெயராயிருந்தது. இன்று கடன் வாங்குதலைக் குறிக்கும் 'பொறோ' அதன் வழிவந்ததே. 'வெட்' என்பது ஈடாகக் கொடுக்கும் பொருள் அல்லது வாக்கு. 'வெடிங்' அதிலிருந்து பிறந்தது. (மணமக்களிடம் இதனைச் சொல்லாதிருத்தல் நன்று!) இடைக்கால இங்கிலாந்தில் பத்துப்பேரை ஒரு குழுவாக்கி, ஒருவன் குற்றஞ் செய்து ஓடினால் ஏனையோர் அவனைக் கொண்டுவந்து நிறுத்தவேண்டும், தவறின் தண்டமிறுக்க வேண்டும் என்னும் முறையும் இருந்தது.

1066இல் நோர்மானியர் வந்தபின் பிரெஞ்சுச் சொற்கள் புகுந்தன. 'வாரண்டி', 'கியாரண்டி' ஆகிய இரண்டும் அடியில் ஒரே சொல். வடபிரெஞ்சு வகரமாக ஒலித்ததை நடுப்பிரெஞ்சு ககரமாக ஒலிக்க, ஆங்கிலம் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. 'இன்சூரன்ஸ்', 'அஷூரன்ஸ்' என்பவற்றின் வேரோ, கவலையின்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல். ஆங்கிலேயர் பின்னர் இவற்றைப் பிரித்தாண்டனர்: உயிருக்கு அஷூரன்ஸ், தீக்கும் வெள்ளத்துக்கும் இன்சூரன்ஸ். சாவு வந்தே தீரும். வெள்ளம் வரினும் வரும், வாராதும் போம்.

தமிழில் இப்பிரிவு நேரவில்லை. ஆனால் கடல் நம்மைப் பிரித்தது. தமிழகத்தில் 'காப்பீடு' வழங்குகிறது. 1956இல் இந்தியாவில் அமைந்த ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பெயர் யாவரும் அறிந்தது. ஈழத்திலோ 'காப்புறுதி', 1961இல் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் சட்டத்தால் நிறுவப்பட்டது. முன்னது இழந்ததற்கு ஈடு என்கிறது; பின்னது உறுதி என்கிறது.

இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. இலங்கையில் நெற்பயிர்க் காப்புறுதி 1958இல் தொடங்கியது. ஈழத்தில் 'உறுதி' என்றாற் காணியுறுதி; எழுதியது எழுதியபடி நிலைக்கும் பத்திரம். 1957ஆம் ஆண்டு வெள்ளத்தையும் 1978 நவம்பர்ச் சூறாவளியையும் கண்ட பூமியில், கமக்காரன் அப்பெயரைக் கேட்டு எதனை எதிர்பார்ப்பான்? பயிர்க் காப்புறுதியோ குறித்த காரணங்களால் நேர்ந்த நட்டத்தை மட்டும், பார்வையிட்டு மதித்து, வரம்புக்குட்பட்டுக் கொடுப்பது. பெயர் சொல்வது வேறு, பத்திரம் சொல்வது வேறு.

ஆயுளுக்குக் 'காப்புறுதி' பொருந்தும். அதனை நாம் விடவேண்டுவதில்லை. வெள்ளாமைக்குக் 'காப்பீடு' பொருந்துமெனலாம். ஆயின் இங்கே 'ஈடு வைத்தல்' என்பது அடைவு வைத்தலாதலின், தன் வெள்ளாமை ஈட்டுக்குப் போயிற்றென்று ஒருவன் அஞ்சவும் கூடும்! 'நட்டஈடு' என்பதோ ஊரறிந்த சொல். பத்திரத்தின் தலைப்பில் 'வெள்ளாமை நட்டஈட்டுக் காப்பு' என்றிருந்தால், கையொப்பமிடுமுன்பே கமக்காரன் கேட்பான்: எவ்வளவு நட்டத்துக்கு, அதனை அளப்பவர் யார் என்று.