தண்ணி விழுதா? – குற்றாலம் வரும் நண்பர்களுக்கு ஓர் இலஞ்சிக்காரனின் யோசனைகள்

ஜூன் மாதம் பிறந்தால் போதும். வகுப்பில் யாராவது ஒருத்தன் தோளைத் தட்டி, "ஏல, உங்க ஊர்ல சீசன் ஆரம்பிச்சாச்சா? தண்ணி விழுதா?" என்று கேட்டுவிடுவான். இலஞ்சியில் பிறந்த பாவத்துக்கு நான்தான் வகுப்பின் வானிலை அறிவிப்பாளன்! ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். 'தண்ணி விழுதா' என்று கேட்கிறவர்கள் 'எப்போ குளிக்கக் கூடாது' என்று ஒருநாளும் கேட்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சாரல் எங்கிருந்து வருகிறது?

நமக்கும் அரபிக் கடலுக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் போல நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து அள்ளிவரும் ஈரத்தைக் கேரளப் பக்கத்திலேயே கொட்டிவிடும். மலைக்கு இந்தப் பக்கம் பெரும்பாலும் மழை மறைவுப் பிரதேசம். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு கணவாய் இருக்கிறதே, அந்த இடைவெளி வழியாகக் காற்றும் மேகமும் நம் பக்கம் நுழைந்துவிடும். அதுதான் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முகத்தில் பூப்போல விழுகிற சாரல். சில வருடம் செப்டம்பர் வரையும் நீடிக்கும்.

எங்கே குளிக்கலாம்?

பேரருவி சுமார் 60 மீட்டர் உயரம். அவ்வளவு உயரத்திலிருந்து நேராகத் தலையில் விழுந்தால் யார் தாங்குவது? தண்ணீர் முதலில் பாறையில் குடைந்த 'பொங்குமாக்கடல்' என்னும் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகுதான் நம் மேல் விழுகிறது. இயற்கையே கட்டிக்கொடுத்த வேகத்தணிப்புத் தொட்டி!

கூட்டத்துக்குப் பயந்தவர்கள் ஐந்தருவி, பழைய குற்றாலம் போகலாம். சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களுக்குப் புலியருவி நல்லது. பேரருவிக்கு மேலே இருக்கும் செண்பகாதேவி அருவி, தேனருவி இரண்டும் காட்டுக்குள் உள்ளவை. வனத்துறை அனுமதியில்லாமல் போகக்கூடாது. 'நாங்க குறுக்கு வழியில கூட்டிட்டுப் போறோம்' என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சனி, ஞாயிறைத் தவிர்த்து, வார நாளில் விடியற்காலையில் வாருங்கள். தென்காசி ரயில் நிலையத்தில் இறங்கினால் குற்றாலம் சுமார் 5 கிலோமீட்டர்தான். பஸ், ஆட்டோ எல்லாம் உண்டு. ஆட்டோவில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம்

போன வருடம் சாரல் நேரத்தில் மதுரையிலிருந்து என் மாமா குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். எல்லாரும் ஐந்தருவிக்குப் போனோம். நல்ல வெயில். தண்ணீரும் அளவாகத்தான் விழுந்தது. திடீரென்று போலீஸ்காரர் விசில் ஊதி எல்லாரையும் வெளியேறச் சொன்னார். மாமாவுக்குக் கோபம்.

"இவ்வளவு தூரம் வந்திருக்கோம். மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எதுக்குய்யா நிறுத்துறாங்க?"

"மாமா, மழை இங்க பெய்ய வேண்டாம். மேல பெஞ்சா போதும். மொதல்ல வெளிய வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பத்து நிமிடம் கூட ஆகியிருக்காது. தண்ணீர் டீ நிறத்துக்கு மாறி, சுள்ளியும் சருகுமாகக் கொட்ட ஆரம்பித்தது. நாங்கள் நின்ற இடம் தெரியவே இல்லை. வீடு வரும்வரை மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை மட்டும் பிள்ளைகளை மடியை விட்டு இறக்கவே இல்லை.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். நம்மைவிட ஒன்றிரண்டு வயது இளையவர். அது சீசன்கூட இல்லை, கோடை மழைக் காலம். ஆகவே ஆபத்து சீசனில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் இன்னும் அதிகக் கவனம் தேவை.

நாம் படிக்கிற ஹைட்ராலிக்ஸ் கணக்கையே போட்டுப் பாருங்களேன். மலையில் 2 கிலோமீட்டர் மேலே கனமழை பெய்கிறது. வெள்ளம் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொண்டால், அருவிக்கு வந்துசேர 11 நிமிடம்தான். தலையில் ஷாம்பு போட்டு அலசுகிற நேரம்! தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவுதானே என்ற தைரியம் அங்கே செல்லாது. வெள்ளத்தோடு உருண்டுவரும் கல் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் தலையைத் தாக்கும்.

அருவி முன்கூட்டியே சொல்லும் அடையாளங்கள்:

1. தெளிந்த தண்ணீர் கலங்கி, செம்மண் நிறமாகும்.

2. இலை, சருகு, சுள்ளி விழ ஆரம்பிக்கும்.

3. அருவியின் இரைச்சல் கனத்து, மாறிக் கேட்கும்.

4. மலை உச்சி கருமேகத்தில் மறைந்திருக்கும்.

இதில் ஒன்றைக் கண்டாலும் விசிலுக்குக் காத்திராமல் வெளியே வாருங்கள். செருப்பு போகிறது, துண்டு போகிறது என்று திரும்பி ஓடாதீர்கள். ஓடையின் போக்கிலே ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். பிள்ளைகளின் கையைப் பெரியவர் ஒருவர் பிடித்தே இருக்கவேண்டும்.

இன்னும் சில

எண்ணெய், சோப்பு, ஷாம்பு வேண்டாம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே இவற்றுக்குத் தடை போட்டிருக்கிறது. எண்ணெய் பட்ட பாறையில் அடுத்தவர் வழுக்கி விழுவார் என்பது ஒன்று. இந்தத் தண்ணீர்தான் சிற்றாறாகி வயலுக்கும் குடத்துக்கும் போகிறது என்பது இன்னொன்று. நீங்கள் குளித்து விட்டுப் போகிற தண்ணீர் எங்களுக்குக் குடிதண்ணீர், அண்ணாச்சி!

மதுவருந்திவிட்டு அருவிக்கு வராதீர்கள். நகையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்க வேண்டாம், கையில் தூக்கிக்காட்டவும் வேண்டாம். குளித்தபின் பசி வயிற்றைக் கிள்ளும். அதற்குச் செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டர் பரோட்டா இருக்கவே இருக்கிறது. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் வந்த பெயர் அது. மங்குஸ்தான், ரம்புத்தான் வாங்குவோர் துணிப்பை கொண்டு வாருங்கள். தோலை ரோட்டில் போடாதீர்கள்.

நேரமிருந்தால் சித்திர சபையைப் பாருங்கள். இலஞ்சிக் குமாரர் கோயிலுக்கும் ஒரு நடை வாருங்கள். எங்கள் வீடு பக்கத்தில்தான்.

அருவி எங்கும் ஓடிவிடாது, நண்பர்களே. இன்று தடை என்றால் நாளை குளிக்கலாம், அடுத்த வருடமும் வரலாம். அடுத்த வருடம் வருவதற்கு நாம் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

வாருங்கள்... நனையுங்கள்... பத்திரமாக வீடு திரும்புங்கள்!

– மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு